அமிர்திக்குப் போனால் ஆறு ஓடுது!
பாலாற்றங்கரைக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை: மான், மயில், அருவி... கூடவே மலை மலையாகக் குப்பை

வேலூரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை! வெளியூர்க்காரர் சொன்னால் கோபம் வரும். உள்ளூர்க்காரர் தானே சொல்லிச் சிரித்துக் கொள்வார்.

இதில் ஒன்று தீர்ந்து விட்டது. 1981-ல் கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்து விட்டார். ராஜா இனி வரப் போவதில்லை. வந்தாலும் ஓட்டு வாங்கித்தான் வர வேண்டும்! பாக்கி இருப்பது தண்ணியும் மரமும்.

அந்த இரண்டும் இருக்கிற இடம் வேலூரிலிருந்து 25 கிலோ மீட்டர்தான். ஊர் பெயர் அமிர்தி. ஜவ்வாது மலை அடிவாரம். காடு, காட்டுக்குள் ஓடை, ஓடைக்கு மேலே அருவி, ஓடைக்குப் பக்கத்தில் மிருகக் காட்சி சாலை. வனத்துறையின் பாதுகாப்பில் உள்ள பூங்கா இது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வாரம் முழுக்க மிஷினில் குனிந்து தைத்த பெண்கள், வாணியம்பாடி தோல் ஷாப்பு தொழிலாளர்கள், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை குடும்பங்கள், வேலூர் கடைத்தெரு குமாஸ்தாக்கள்... எல்லோரும் வேன் பிடித்தும், பஸ் ஏறியும், ஒரு டூவீலரில் நாலு பேர் உட்கார்ந்தும் படையெடுக்கிறார்கள். (நாலு பேர் போவது குற்றம். கணியம்பாடியில் போலீஸ் நின்றால் தெரியும்!)

பிரியாணி தேக்சா முன் சீட்டில்!

வேலூரிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் போய், கணியம்பாடியில் திரும்ப வேண்டும். அதுவரை வெயில், லாரி, புழுதி. திரும்பி கொஞ்ச தூரம் போனதும் மலை கிட்டே வருகிறது. காற்று மாறுகிறது. "ஏ.சி. போட்ட மாதிரி இருக்குப்பா" என்று சின்னப் பிள்ளைகள் கூச்சல் போடும் இடம் இதுதான்.

ஆம்பூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தூரம் அதிகம். வேலூர் வரவே சுமார் 50 கிலோ மீட்டர். ஆனாலும் விடிகாலையிலேயே கிளம்பி விடுகிறார்கள். வேனில் முன் சீட்டு பெரியவருக்கு இல்லை, பிரியாணி தேக்சாவுக்கு! ஆம்பூர்க்காரர்கள் எங்கே போனாலும் கத்தரிக்காய் தொக்கும் தயிர்ப் பச்சடியும் கூடவே போகும். இதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பிரியாணிதான் பின்னால் வம்பு இழுக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

வண்டலூருக்கு அண்ணன்

அமிர்தி மிருகக் காட்சி சாலை திறந்தது 1967-ல். பரப்பு 25 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் 60-க்கும் மேல். அப்போது வேலூர் மாவட்டமும் இல்லை, திருப்பத்தூர் மாவட்டமும் இல்லை. எல்லாம் சேர்ந்து வட ஆற்காடு. இன்றைக்கு இந்தியா முழுக்க மானையும் மயிலையும் காப்பாற்றுகிற வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கூட 1972-ல்தான் வந்தது.

சென்னைக்காரர்கள் பெருமை பேசும் வண்டலூர் பூங்கா திறந்தது 1985-ல். அப்படிப் பார்த்தால் அமிர்தி 18 வயது மூத்த அண்ணன்! தம்பி வளர்ந்து நாடறிந்த ஆளாகி விட்டான். அண்ணன் அதே ஊரில், அதே மரத்தடியில், அதே சின்னச் சம்பளத்தில். நம் வீடுகளில் நடப்பதுதானே.

சிங்கம், புலி, ஒட்டகச்சிவிங்கி பார்க்கப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். புள்ளிமான், மயில், முதலை, நரி, ஆமை, கிளி, வாத்து என்று நம் பக்கத்துக் காட்டு உயிர்கள்தான் இங்கே முக்கியம். கூண்டுக்கு வெளியே குரங்குகள் இலவசம்.

மான் அடைப்புக்கு முன்னால்தான் எப்போதும் கூட்டம். அங்கே கொஞ்ச நேரம் நின்றால் ஒரு வேடிக்கை தெரியும். தோல் தொழிலில் இருக்கிற ஆம்பளைகள் மானின் முகத்தைப் பார்ப்பதில்லை. முதுகைப் பார்க்கிறார்கள்! வருஷக்கணக்கில் ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் விரலால் தடவித் தரம் பிரித்த கை. உண்ணி கடித்த வடு, முள் கிழித்த கோடு, கிரெய்ன் எப்படி என்று கண் தானாகக் கணக்குப் போடுகிறது. உயிரோடு இருக்கிற தோல் ஒரு ஈ உட்கார்ந்தாலே சிலிர்த்து உதறும். அதைத் தன் பிள்ளைக்குக் காட்டிச் சிரிக்கிற தகப்பன்களும் உண்டு.

"கொம்பு உடைஞ்ச மான் பாவம்" என்று சிலர் உச்சுக் கொட்டுவார்கள். உடையவில்லை. ஆண் புள்ளிமானுக்குக் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும். புதுக் கொம்பின் மேல் வெல்வெட் துணி போர்த்தியது போல ஒரு மெல்லிய தோல் இருக்கும். கொம்பு முற்றினதும் மரத்தில் தேய்த்து அதை உரித்துப் போட்டு விடும். மாட்டுக் கொம்பு அப்படி இல்லை, ஒரு தடவைதான்.

மயிலிலும் இதே ரகளை. ஐப்பசி, கார்த்திகையில் போகிற பிள்ளைகள் "தோகையே இல்லை, இது டூப்ளிகேட் மயில்" என்று அழும். மழைக்காலத்தில் ஜோடி சேருகிற பருவம் முடிந்ததும் ஆண் மயில் நீளத் தோகையை உதிர்த்து விடும். சில மாதங்களில் மறுபடி வளரும். தோகை பார்க்க வேண்டுமானால் கோடையில் போகணும். அருவி பார்க்க வேண்டுமானால் மழை முடிந்து போகணும். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் கேட்டால் கிடைக்காது.

முதலை விஷயம் கொஞ்சம் வருத்தமானது. அது வாயைப் பிளந்து கொண்டு சிலை மாதிரி கிடக்கும். உடம்புச் சூட்டைத் தணிக்க முதலை செய்கிற வேலை அது. "உயிர் இருக்கா, பொம்மையா?" என்று சந்தேகப்பட்டு, கல்லை எடுத்து எறிகிறவர்கள் படித்தவர்களும்தான். மிருகக் காட்சி சாலையில் மிருகத்தைச் சீண்டுவது, தீனி போடுவது, சத்தம் போட்டு மிரட்டுவது, குப்பை போடுவது நாலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். அபராதத்தோடு போகாமல் ஜெயில் வரை இழுக்கக் கூடிய குற்றம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆறு எங்கே இருந்து வருது?

காட்சி சாலையைத் தாண்டி, காட்டுப் பாதையில் சுமார் ஒரு கிலோ மீட்டர் நடந்தால் அருவி. பெரிய குற்றாலம் இல்லை. ஆனால் வேலூர் வெயிலில் வெந்தவனுக்கு அதுவே குற்றாலம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷத்தில் கார்த்திகை முதல் தை வரை தண்ணீர் ஜோர். சித்திரையில் போனால் பாறைதான் மிச்சம்.

பெண்கள் சேலையோடு ஓடையில் உட்கார்ந்து விடுகிறார்கள். பாட்டிகள் காலை நனைத்துக் கொண்டு வெற்றிலை போடுகிறார்கள். வீட்டில் காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்கி, அளந்து அளந்து செலவு பண்ணுகிற குடும்பம். இங்கே வந்து ரெண்டு கையாலும் தண்ணியை அள்ளி ஒருத்தர் மேல் ஒருத்தர் வீசிக் கொள்கிறார்கள். அந்தக் குதூகலத்தைப் பார்த்தால் சிரிப்பும் வருது, மனசும் என்னமோ பண்ணுது.

ஆனால் உஷார்! மலை ஓடைக்கு ஒரு கெட்ட குணம். இங்கே வெயில் அடிக்கும். மேலே ஜவ்வாது மலையில் மழை கொட்டும். அந்தத் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். தெளிவாக ஓடுகிற நீர் திடீரென்று செம்மண் கலந்து கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேல் பக்கம் "ஓ"வென்று சத்தம் கேட்டால் செல்பி எடுத்துக் கொண்டு நிற்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக் கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டியதுதான். வெள்ள நாளில் வனத்துறையினர் அருவிப் பக்கம் போக விடவில்லை என்றால் "எங்கிருந்து வந்திருக்கோம் தெரியுமா?" என்று சண்டை பிடிப்பதில் அர்த்தம் இல்லை. பாசி பிடித்த பாறை ஆம்பூர் என்றும் பார்க்காது, வேலூர் என்றும் பார்க்காது. சரக்கு போட்டு விட்டு அருவிப் பாறையில் ஏறுகிற வாலிபர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

இந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது? மலையை விட்டு இறங்கி நாகநதியாக ஓடுகிறது. கண்ணமங்கலம் பக்கம் போய், கமண்டல நாகநதியோடு சேர்ந்து, செய்யாற்றில் கலக்கிறது. செய்யாறு கடைசியில் காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் பாலாற்றில் சேருகிறது. அதாவது வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று தோல் ஷாப்பு உள்ள ஊர் ஒன்றைக் கூடத் தொடாமல் சுற்றிக் கொண்டு போய், எல்லாம் முடிந்த பிறகுதான் அமிர்தித் தண்ணீர் பாலாற்றைப் பார்க்கிறது! விவரம் தெரிந்த தண்ணீர்!

பாலாற்றின் கதை

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறக்கிறது. மொத்த நீளம் 348 கிலோ மீட்டர். அதில் 222 கிலோ மீட்டர் தமிழ்நாட்டில். மேலே இரண்டு மாநிலங்களிலும் அணையும் தடுப்பும் வைத்துக் கொண்டார்கள். இங்கே வருவது மணல்தான். அந்த மணலையும் லாரியில் ஏற்றினார்கள்.

மழை மனசு வைத்தால் இதே ஆறு ஊரை அழிக்கும். 1903 நவம்பரில் வாணியம்பாடியை வெள்ளம் அடித்துக் கொண்டு போனது. நூற்றுக்கணக்கில் உயிர்ப்பலி. 2021 நவம்பரில் மறுபடி கரை கொள்ளாமல் பாய்ந்தது. செல்போனும் கையுமாக ஜனங்கள் பாலத்தில் நின்று பார்த்தார்கள். பாலாற்றில் தண்ணீர் போவது அவ்வளவு பெரிய அதிசயம்!

தண்ணீர் வராதது பாதிக் கதை. மீதிப் பாதி தோல் கழிவு. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பிலேயே பதிவாகி இருக்கிறது. பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு, முடி நீக்கப் போட்ட சுண்ணாம்பு, பதனிடப் போட்ட குரோமியம் எல்லாம் கலந்த அந்தத் தண்ணீர் ஏரிக்கும் ஆற்றுக்கும் போனது. கிணற்றுத் தண்ணீர் கரித்தது. தென்னை பட்டுப் போனது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. வக்கீல் எம்.சி.மேத்தா. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்பு சொன்னது. சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போய் விட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. "கெடுத்தவனே தண்டம் கட்டு" என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதித்த தீர்ப்பு இது. சட்டக் கல்லூரியில் எந்த மாணவரைக் கேட்டாலும் வேலூர் வழக்கு என்பார்! ஊருக்கு இப்படியும் ஒரு புகழ்.

வழக்கு அதோடு முடிந்ததா? இல்லை. நஷ்ட ஈடு முழுசாகப் போய்ச் சேரவில்லை, மாசும் நிற்கவில்லை என்று மறுபடி கோர்ட்டுப் படி ஏறினார்கள். 2025 ஜனவரி 30-ந் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் பெஞ்ச், பாக்கி நஷ்ட ஈட்டைக் கொடுக்கச் சொன்னதோடு, ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில் குழு போட்டு ஆற்றைக் கண்காணிக்கவும் உத்தரவு போட்டது. 1991-ல் வழக்குப் போட்ட போது பிறந்த குழந்தைக்கு இப்போது தன் குழந்தையை அமிர்திக்குக் கூட்டிப் போகிற வயசு.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தோலில்தான் லட்சக்கணக்கான வாய்க்குச் சோறு. ஆற்றைக் கெடுத்ததும் தோல், ஞாயிற்றுக்கிழமை வேனுக்கு வாடகை கொடுப்பதும் தோல். தொழிலாளியைப் பார்த்து "நீதான் காரணம்" என்று யாரும் விரல் நீட்ட முடியாது.

காட்டுக்கும் தோலுக்கும் பழைய பந்தம்

இன்னொரு சங்கதி. அமிர்திக்கு வருகிற தோல்காரர்கள் ஏதோ அந்நிய இடத்துக்கு வருவதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவர்கள் தாத்தா காலத்துத் தொழிலே இந்த மாதிரிக் காட்டை நம்பித்தான் நடந்தது.

அப்போது குரோமியம் கிடையாது. ஆவாரம்பட்டையை இடித்துக் குழியில் ஊறப் போட்டு, அதில் தோலைப் போட்டு எடுப்பார்கள். நிறமும் மெருகும் ஏற கடுக்காய் போடுவார்கள். அந்தக் கடுக்காய் ஜவ்வாது மலை மாதிரி மலைகளிலிருந்துதான் மூட்டை மூட்டையாகக் கீழே இறங்கும். பொறுக்குகிறவர்கள் மலையாளி இனப் பழங்குடிகள். (கேரளத்து மலையாளி அல்ல. மலையை ஆள்கிறவர் என்ற அர்த்தத்தில் வந்த பெயர் என்பார்கள்.) கடுக்காய், தேன், புளி, சீத்தாப்பழம், சாமை எல்லாம் மலை கொடுத்த வருமானம்.

1970-களில் மத்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. முழுசாக மெருகேற்றி அனுப்பு என்றது. அதிலிருந்து குரோமியம் வேகம் பிடித்தது. பட்டைக் குழியில் வாரக்கணக்கில் ஆகிற வேலை டிரம்மில் மணிக்கணக்கில் முடிந்தது. கடுக்காய்க்கு மவுசு குறைந்தது. காட்டுக்கும் தோல் ஷாப்புக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் மெல்ல விட்டுப் போனது. இப்போது காட்டுக்கு வருகிறோம், குளிக்கிறோம், போகிறோம்.

போலீஸ் டைரியில் ஜவ்வாது மலைக்கு வேறு பெயர். ஒரு காலத்தில் சந்தனக் கடத்தல் என்றால் இந்த மலைதான். பிடிபட்ட கட்டைகளும் வனத்துறை வெட்டிய கட்டைகளும் திருப்பத்தூர் சந்தனக் கிடங்குக்குப் போய் ஏலம் ஏறும். பெரிய மரங்கள் அப்படியே கரைந்து போயின.

மரம் போனால் மிருகம் எங்கே போகும்? ஊருக்குள்தான். 2024 ஜூனில் திருப்பத்தூர் டவுனுக்குள்ளேயே சிறுத்தை புகுந்து விட்டது! ஒருவரைத் தாக்கி விட்டு, கார் நிறுத்துகிற ஷெட்டில் போய்ப் பதுங்கியது. காருக்குள் ஆட்கள் மாட்டிக் கொண்டார்கள். பல மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். சிறுத்தை வந்தால் தலைப்புச் செய்தி. கோடையில் தண்ணீர் தேடி இறங்குகிற மான்கள் நாய் கடித்துச் சாவதும், கிணற்றில் விழுந்து சாவதும் ஒரு பத்தியோடு முடிந்து போகிறது.

இலை போச்சு, கவர் வந்தது

இப்போது பிரியாணிக்கு வருவோம்.

மத்தியானம் ஒரு மணி. மரத்தடிகளில் ஜமக்காளம் விரிகிறது. அந்தக் காலத்தில் மந்தார இலை, வாழை இலை. சாப்பிட்டுத் தூக்கிப் போட்டால் ஆடு மாடு தின்னும், மிச்சம் மக்கும். இப்போது பேப்பர் தட்டு என்று பெயர், மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், தொக்கு கட்டி வந்த கவர். மறைவாகப் பாறைச் சந்தில் பீர் பாட்டில் வேறு. அதை உடைத்துப் போடுவதில் சிலருக்கு என்ன வீரமோ! மறு வாரம் அதே பாறையில் யாரோ ஒரு பிள்ளை வெறுங்காலோடு நடக்கும்.

ஒரு தடவை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறிகிற 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1-ந் தேதியிலிருந்தே தடை செய்து விட்டது. கடைக்காரர் மேஜைக்குக் கீழே இருந்து எடுத்துக் கொடுக்கிறார். வாங்குகிறவர் பைக்குள் மறைத்து எடுத்து வருகிறார். இரண்டு பேருக்கும் சட்டம் தெரியும்!

குரங்குக்குப் பிரியாணி போடுவது புண்ணியம் என்று நினைக்கிறார்கள். ஒரு தடவை மசாலா ருசி கண்ட குரங்கு காட்டுப் பழத்தைத் திரும்பிப் பார்க்காது. அடுத்த வாரம் உங்கள் பையைப் பிடுங்கும். கொடுக்கா விட்டால் கடிக்கும். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடி நாய்க்கடி ஊசிதான்!

மான் கதை இன்னும் மோசம். மானுக்கு உப்பு என்றால் உயிர். சிப்ஸ் கவரில் ஒட்டிய உப்பையும், சோற்றுக் கவரில் ஒட்டிய மசாலாவையும் நக்கும். நக்கி நக்கிக் கவரையே விழுங்கி விடும். மான் அசை போடுகிற மிருகம். மாடு மாதிரி வயிற்றில் அறைகள் உண்டு. கவர் உள்ளே போய் உருண்டையாகச் சுருண்டு அடைத்துக் கொண்டால் வெளியே வராது. வயிறு நிறைந்த மாதிரியே இருக்கும், ஆனால் பட்டினி. நாள் கணக்கில் மெலிந்து சாகும். சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்தில் செத்த மான்களின் வயிற்றைப் பிரித்த போது கட்டி கட்டியாகப் பிளாஸ்டிக் வந்தது. அது படித்தவர்கள் குடியிருக்கிற இடம்.

கம்பிக்கு உள்ளே இருக்கிற மானுக்கு வேளைக்குத் தீனி வைக்க ஆள் உண்டு, பார்க்க டாக்டர் உண்டு. ஓடைக்கரைக்கு ராத்திரியில் தண்ணீர் குடிக்க வருகிற காட்டு மானுக்கு யார் இருக்கிறார்கள்?

கீழே காத்திருக்கும் கிணறுகள்

அமிர்தியில் போடுகிற கவர் அமிர்தியிலேயே இருந்தால் கூடப் பரவாயில்லை. இருக்காது. தண்ணீரோடு நாகநதிக்குப் போகும்.

நாகநதி பல வருஷம் வறண்டு மணல்மேடாகக் கிடந்த நதி. 2014-லிருந்து அதை மீட்கிற வேலை நடந்தது. வாழும் கலை அமைப்பு வழி சொல்ல, நூறு நாள் வேலைத் திட்டத்தில் வந்த கிராமத்துப் பெண்கள் மண்ணை வெட்டினார்கள். சுமார் 20 ஆயிரம் பெண்கள் இதில் கை வைத்ததாகக் கணக்கு. மேட்டில் ஓடுகிற நீரின் வேகம் குறைய கல் தடுப்பு போட்டார்கள். மழைத் தண்ணீர் பூமிக்குள் இறங்க சிமெண்டு உறை இறக்கிச் செறிவூட்டுக் கிணறுகள் கட்டினார்கள். இந்தக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதில்லை. தண்ணீரை உள்ளே விடுவதற்குத்தான் கிணறு. பக்கத்துக் கிராமங்களின் குடிநீர்க் கிணறுகளிலும், விவசாயக் கிணறுகளிலும் நீர்மட்டம் ஏறியது. 2021 செப்டம்பரில் பிரதமர் மோடி வானொலிப் பேச்சில் நாகநதிப் பெண்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

கோர்ட்டு, வக்கீல், கமிட்டி எல்லாம் சேர்ந்து 30 வருஷத்துக்கு மேல் இழுத்த இழுப்பில் பாலாறு திரும்பவில்லை. கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்த பெண்கள் நாகநதியில் தண்ணீர் பார்த்தார்கள். ஒன்றும் இல்லாத நதியை மீட்பதும், விஷம் ஏறிய நதியை மீட்பதும் ஒரே வேலை இல்லைதான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தச் செறிவூட்டுக் கிணறுகளின் வாய் திறந்திருக்கும் வரைக்கும்தான் தண்ணீர் இறங்கும். பிளாஸ்டிக் கவர் வந்து அப்பிக் கொண்டால் தண்ணீர் மேலோடு ஓடி விடும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

வேலூரிலிருந்து அமிர்திக்கு பஸ் உண்டு. ஆனால் டவுன் பஸ் மாதிரி நிமிஷத்துக்கு ஒன்று வராது. இறங்கியதுமே திரும்புகிற பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டு வைத்துக் கொள்வது நல்லது. வாரத்தில் ஒரு நாள் காட்சி சாலைக்கு விடுமுறை உண்டு. கிளம்பும் முன்பே விசாரித்துக் கொள்ளவும். எவர்சில்வர் டப்பாவில் சாப்பாடு, வீட்டிலிருந்து குடிதண்ணீர், பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி போதும். மதியத்துக்கு முன்பே அருவியைப் பார்த்து விட்டு இறங்கி விட்டால் மத்தியான வெயிலுக்கு மான் அடைப்புப் பக்கத்து மர நிழல் சுகம்.

சாயங்காலம் விசில் ஊதுகிறார்கள். கூட்டம் கலைகிறது. ஈரத் துணியை வேன் ஜன்னலில் கட்டிக் கொண்டு வண்டிகள் கணியம்பாடியை நோக்கித் திரும்புகின்றன. பேரணாம்பட்டு வேன் ஆம்பூரில் பாலாற்றைத் தாண்டும் போது பிள்ளைகள் தூங்கி விடுகிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் அமிர்தியில் சாக்கும் கையுமாக ஊழியர்கள் ஓடைக்கரையில் இறங்குகிறார்கள். கைக்கு எட்டினது சாக்குக்குள் போகிறது. பாறைச் சந்தில் எட்டாமல் மாட்டியிருப்பது அங்கேயே கிடக்கும். மலையில் அடுத்த மழை பெய்கிற வரைக்கும்.